முதல் கூடை மண்

பழைய காகிதத்துக்கு ஒரு மணம் உண்டு, அது ஒரு சுகம் என்று பேசுகிறவர்கள் எலி மூத்திரத்தை மோந்து பார்த்ததில்லை. திலகவதி மூன்று வருஷமாக மோந்துகொண்டிருக்கிறாள். புதுக்கோட்டையில் ஒரு பழைய ஆவணக் கிடங்கு. சமஸ்தான காலத்துக் கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக ஸ்கேனரில் வைத்து எடுக்கும் வேலை. அரசாங்க உத்தியோகம் ஒன்றும் இல்லை, காண்ட்ராக்ட் ஆள். ஒரு கட்டைத் திறந்தால் முதலில் கரப்பான் ஓடும். அப்புறம் காய்ந்துபோன பல்லி ஒன்று விழும். அப்புறம் எலிப் புழுக்கை. அதையெல்லாம் பிரஷ்ஷால் தள்ளிவிட்ட பிறகுதான் சரித்திரம். மத்தியானம் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினாலும் தயிர்சாதத்தில் அந்த நாற்றம் வரும்.

ஆனாலும் அவள் அந்த வேலையை விடவில்லை. இலுப்பூருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி ஆவரங்குறிச்சி அவள் ஊர். பிளஸ் டூவும் டைப்பிங்கும் படித்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தால் விடுகிறவள் யார்? கணவன் சரவணக்குமார் மினிலாரி ஓட்டுகிறான், வாரத்தில் நாலு நாள் வெளியூர். அப்பா ரெங்கசாமி அவர்களோடுதான் இருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் குவாரியில் கல் உடைத்தவர். இப்போது அந்தக் கல்லெல்லாம் தூளாகி அவர் நெஞ்சுக்குள் கிடக்கிறது. மூன்று எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குகிறார். டாக்டர் பையன் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தை மாசம் தாண்டுனா அதிசயம்" என்று திலகவதியிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அந்த மனுஷனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. சாவதற்கு முன்னால் இன்னும் ஒரு தடவை முதல் கூடை போட வேண்டும்.

அது ஆவரங்குறிச்சிக்கு மட்டுமே உள்ள வழக்கம். ஆவணி மாதம், மழைக்கு முன்னால், ஊரே கண்மாய்க் கரையில் கூடும். அய்யனாருக்குப் பூசை முடிந்ததும் கரைக்கு மண் போடுவார்கள்; அதற்குக் கரைக்கட்டு என்று பேர். மடை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருக்கிறது. அதுதான் அடைக்கன் சாமி. அந்தக் காலத்தில் கரை உடைந்து உடைந்து போனபோது, கீழத்தெரு அடைக்கன், "என்னை வச்சு அடைங்கடா" என்று தானே மடைக்குழியில் இறங்கி உயிரைக் கொடுத்தானாம். அதற்கு மரியாதையாக, அந்தக் கல்லின் அடியில் முதல் கூடை மண்ணை அவன் வம்சம்தான் போட வேண்டும். தலையில் பரிவட்டம் கட்டி, மேளத்தோடு கூட்டிப் போவார்கள். கீழத்தெருக்காரன் கரைமேல் செருப்பில்லாமல்கூட நடக்க முடியாத காலத்திலேயே ரெங்கசாமியின் அப்பன் அழகன் பரிவட்டத்தோடு நடந்திருக்கிறார். அப்புறம் ரெங்கசாமி இருபத்தாறு வருஷம் நடந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோயிலுக்குக் கமிட்டி போட்டார்கள். பெரியவீட்டு ஆத்மநாதன் தலைவர். கூட்டுறவு சங்கத்தில் செக்ரட்டரியாக இருந்து ரிட்டையர் ஆன மனுஷன்; வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. "இனிமே எல்லாரும் ஒன்னுதாம்ப்பா. இவுங்கதான் மொதல்ல போடணும்னு எந்த ரெக்கார்டுல இருக்கு?" என்று ஒரே போடாகப் போட்டு நிறுத்திவிட்டார். எல்லாரும் ஒன்று என்ற ஞானம் அவருக்கு அந்தப் பரிவட்டம் விஷயத்தில் மட்டும்தான் வந்தது. அய்யனார் கோயிலில் அவர் குடும்பத்துக்கு வரும் முதல் விபூதி அப்படியே வந்துகொண்டுதான் இருந்தது. சே, இந்த மாதிரி ஆளுக்கு முன்னால் அப்பா "சரிங்கய்யா" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாரே, அதை நினைத்தால் திலகவதிக்கு இன்றைக்கும் குமட்டும்.

இந்த வருஷம் ஆவணியில் குடமுழுக்கு என்று முடிவானதும் சிங்கப்பூரிலிருந்து தம்பி கோபிநாத் போன் போட்டான். கட்டட வேலைக்குப் போய், இப்போது சூப்பர்வைசர்.

"அக்கா, நீதான அந்த ரெக்கார்டுக்குள்ளேயே குடியிருக்க. தேடு. நம்ம பாத்தியம் எங்கனயாச்சும் எழுதியிருக்கும்."

"டேய், அங்கிட்டு லட்சக்கணக்குல கட்டு கெடக்குடா. ஒன் பேரையும் என் பேரையுமா எழுதி வச்சிருப்பான்?"

"அப்பாவுக்காகத் தேடுக்கா."

அப்பாவுக்காகத் தேடினாள். எட்டு மாதம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி, சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் அரை மணி. பக்கத்து மேஜை ராஜலட்சுமிக்குப் பழைய கையெழுத்து தண்ணீர் பட்ட பாடு. அவள்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். தேடத் தேடத்தான் திலகவதிக்கு ஒன்று புரிந்தது. பெரியவீட்டார் பேர் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. நிலம் வாங்கினான், விற்றான், கோயிலுக்கு விளக்கு வைத்தான், வைப்பாட்டிக்கு வீடு எழுதினான், எல்லாம் மணிமணியாக எழுதியிருந்தது. கீழத்தெருவோ, "மேற்படி ஜனங்கள் முப்பது வீடு" என்று ஒரே வரியில் முடிந்துபோனது. நூறு வருஷம் பிறந்து செத்த சனம் அந்த முப்பது என்ற எண்ணுக்குள் அடைந்து கிடந்தது. மாட்டுக் கணக்காவது வெள்ளை மாடு, செவலை மாடு என்று நிறம் சொன்னது.

மனைக்கட்டுப் பதிவேடு ஒன்றில்தான் முதல் நுனி கிடைத்தது. அவர்கள் இப்போது இருக்கிற அதே மனை. மூக்கன் மகன் கருப்பன், கருப்பன் மகன் அழகன் என்று எழுதியிருந்தது. அழகன் ரெங்கசாமியின் அப்பன். அப்படியென்றால் மூக்கன்தான் அடைக்கனின் மகனாக இருக்க வேண்டும்! திலகவதி உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுவிட்டாள். அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு இன்னும் பின்னால் போய், ஆடி மாதத்தில் ஒரு நாள், பசலி 1287, அதாவது 1877ஆம் வருஷத்துக் கட்டில், அந்தத் தாக்கீதை, சர்க்கார் உத்தரவைக் கண்டாள்.

"ஆவரங்குறிச்சிக் கண்மாய் மடையடியில் அடைக்கன் என்பவன் ஊர் நன்மைக்காகத் தன் மனப்பூர்வமாய் உயிர் விட்டபடியால், வருஷந்தோறும் கரைக்கட்டில் முதல் கூடை மண் போடும் பாத்தியமும், கீழத்தெருவில் மனைக்கட்டு ஒன்றும், மூக்கனுக்கும் அவன் வம்சத்துக்கும் விடப்பட்டது."

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அழுதாள். ராஜலட்சுமி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மறுநாளே மனுப் போட்டு, முத்திரை வைத்த நகல் வாங்கி, கமிட்டிக்கு ஒன்று கொடுத்து, தம்பிக்குப் போட்டோ அனுப்பினாள். மீதிக் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தேடினது கிடைத்துவிட்டது, அப்புறம் என்ன? காகிதத்தோடு மூன்று வருஷம் புழங்கியவள் செய்யக்கூடாத காரியம் அது. ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இன்னார் என்று முடிவுகட்டக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆத்மநாதன் தாக்கீதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். எதிர்ப்பார், இழுத்தடிப்பார் என்று நினைத்துப் போயிருந்தவளுக்கு ஆச்சரியம். மனுஷன் பூரித்துப்போனார்.

"அடேயப்பா! சர்க்கார் எழுத்துலேயே இருக்கேம்மா. 'தன் மனப்பூர்வமாய்'னு இருக்கு பாரு. இத அப்படியே குடமுழுக்கு மலர்ல போட்ருவோம். மொதல் கூடை ஒங்கப்பனுக்குத்தான்."

அந்த வார்த்தைமேல் அவருக்கு ஏன் அத்தனை பிரியம் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

கோபிநாத் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான். இறங்கின மறுநாள் கண்மாய்க் கரையில் பதினைந்தடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தான். 'மடை காத்த மாவீரன் அடைக்கனார் வம்சம்.' நடுவில் செல்போனிலேயே செய்த ஒரு படம்: தோளெல்லாம் புடைத்து, மீசை முறுக்கி, கையில் வாளோடு ஒரு ஆள். கண்மாய் மடை திறந்துவிடுகிற கூலிக்காரனுக்கு எதற்கடா வாள்? கேட்டால், "கெத்தா இருக்கட்டும்க்கா" என்றான். படத்துக்குக் கீழே கூலிங்கிளாஸோடு அவன், அவன் பெண்டாட்டி, மச்சினன், மச்சினன் பிள்ளைகள். திலகவதிக்கு அதைப் பார்க்கவே கண் கூசியது. இருந்தாலும் அப்பா அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "எங்க பாட்டன்" என்று காட்டிக்கொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

கரைக்கட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்றைக்கு அதே பசலியின் அடுத்த கட்டு, வரிசைப்படி அவள் மேஜைக்கு வந்தது. தாள்களைப் பிரித்து ஸ்கேனரில் வைத்துக்கொண்டே வந்தவள், ஆவரங்குறிச்சி என்ற பேரைப் பார்த்து நின்றாள்.

"ஈசுவர வருஷம் கார்த்திகை மாதம், ஆவரங்குறிச்சி அடைக்கன் பெண்சாதி வெள்ளச்சி அழுது கொடுத்துக்கொண்ட மனு. என் புருஷன் தானாய் இறங்கவில்லை. மூன்று தரம் கரை உடைந்தபடியால் ஆளைக் கொடுக்க வேண்டும் என்று பெரியவீட்டார் பேசினார்கள். என் புருஷனுடன் கூடப் பிறந்த தமையன் மூக்கன், கள்ளுக் குடிக்க வா என்று கூட்டிப் போனான். கைகாலைக் கட்டி மடைக்குழியில் தள்ளினார்கள். தமையன் பேரைச் சொல்லியே கத்தினான். ஊரார் மண் போடப் பயந்து நின்றார்கள். கூடப் பிறந்தவன் கை முந்தினால் பாவம் ஊரைச் சேராது என்று பெரியவீட்டார் சொன்னார்கள். முதல் கூடை மண்ணை மூக்கன் போட்டான். எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளை குட்டி வேறு இல்லை. எனக்கு நியாயம் செய்ய வேண்டும்."

கீழே வேறு மையில், வேறு கை: "விசாரித்ததில் மூக்கன் வாக்குமூலப்படி மனு பொய். தள்ளப்பட்டது. இந்த ஸ்திரீ மறுபடி மனுக் கொண்டுவந்தால் வாங்க வேண்டியதில்லை."

திலகவதி இரண்டாம் தடவை படிக்கவில்லை. எழுந்து போய்க் குழாயடியில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மகன் இல்லை. தமையன். அவளுக்கும் கோபிக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஓடுவது அடைக்கன் ரத்தம் இல்லை, அவன்மேல் மண் போட்டவன் ரத்தம். அந்தக் கூடை மரியாதையே இல்லை. பாவத்தைத் தலையில் கட்டுவதற்காகக் கொடுத்த கூடை. அதைத்தான் வருஷா வருஷம், தலைமுறை தலைமுறையாக, மேளம் வைத்து, பரிவட்டம் கட்டி, அந்தக் கல்லின் மேல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். குடியிருக்கிற வீடு? அதுவும் அதற்குக் கிடைத்த கூலி. தூ!

மனுவை ஒரு வெள்ளைத் தாளில் எழுத்து மாறாமல் எழுதிக்கொண்டு நேரே ஆத்மநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் படித்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதுதான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

"புருஷன் செத்த வேகத்துல அந்தப் பொம்பள ஏதோ சொல்லியிருக்கும்மா. விசாரிச்சு தள்ளிட்டாங்கள்ல? அதுவும் சர்க்கார் எழுத்துதான?"

"சார், கட்டிப் போட்டு உசுரோட பொதைச்சிருக்காங்க. அவுக கூடப் பொறந்தவனே காட்டிக் குடுத்திருக்கான்."

"காட்டிக் குடுத்தது ஒங்காளுகம்மா. நான் சொல்லல, நீ கொண்டாந்த பேப்பர்தான் சொல்லுது." சிரித்தார். "மண்ணுல கெடக்குறதக் கெளறுனா ரெண்டு வீட்டுக்கும் நாறும். ஒங்கப்பன் இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப்போறான்? சந்தோசமா ஒரு கூடை போட்டுட்டுப் போகட்டுமே. காப்பி சாப்புடுறியா?"

வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள். அந்த வீட்டுக் காப்பித் தம்ளரைத் தொட்டிருந்தால் கையை அறுத்துப் போடலாம் போல இருந்திருக்கும். ஆனால் வழியெல்லாம் அவளை அறுத்தது அவர் சிரிப்பு இல்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே, அதுதான்.

கோபியிடம் சொன்னாள். அவன் தாளை வாங்கி நாலு வரி படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"இத வேற யாருகிட்டயும் காட்டுனியாக்கா?"

"அதத்தான் கேப்பியா? வேற ஒன்னும் கேக்கத் தோணலயா ஒனக்கு?"

"என்னத்தக் கேக்க? நூத்தம்பது வருசக் கதை. ஃப்ளெக்ஸ் வச்சாச்சு, சம்பந்தக்காரங்களையெல்லாம் கூப்பிட்டாச்சு. இப்பப் போயி, நாங்க வீரன் வம்சம் இல்ல, துரோகி வம்சம்னு சொல்லச் சொல்றியா? ஒனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஏழு நாள் மென்று முழுங்கினாள். கரைக்கட்டுக்கு முந்தின நாள் காலையில், வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் போனாள். அவர் புது வேட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மூக்கன் அடைக்கனோட மகன் இல்லப்பா. அண்ணன். அவன்தான் தம்பியக் கூட்டிட்டுப் போயி..."

"தெரியும்டி."

அவர் வேட்டியைத் தடவுவதை நிறுத்தினார்.

"எங்கப்பன் ஒருக்கா போதையில சொன்னாரு. கூடப் போடப் போறதுக்கு முன்னாடி அவரு எப்பயும் குடிச்சுட்டுத்தான் போவாரு. ஏம்ப்பான்னு கேட்டேன். சொல்லிட்டாரு."

"தெரிஞ்சா போட்டீங்க? இருவத்தாறு வருசமும் தெரிஞ்சா?"

ரெங்கசாமிக்கு இருமல் வந்தது. இருமி, துப்பி, மூச்சு நிதானப்படும்வரை காத்திருந்தார். "கல்லு ஒடைக்கிற எடத்துல என்னைய 'ஏய்'னுதான் கூப்புடுவாங்க. முப்பத்தஞ்சு வருசம் 'ஏய்'தான். வருசத்துல ஒரு நா எந்தலையில துணியக் கட்டி, கையப் புடிச்சு, கரையில ஏத்தி விடுவாங்கடி. பெரியவீட்டுக்காரன் எனக்குப் பின்னாடி வருவான். அத விடச் சொல்றியா?"

"அந்தத் துணி என்னத்துக்குக் கட்டுனதுன்னு தெரிஞ்சுமா, அப்பா? அவுக பொண்டாட்டி மனு எழுதியிருக்காங்க. அதுல..."

"போதும்டி. தெரியும்னு சொல்லிட்டேன்ல. எனக்கு அது வேணும்."

அவ்வளவுதான். வேட்டியை மறுபடி தடவ ஆரம்பித்தார். பெற்ற அப்பனைப் பார்த்து ஒரு மகளுக்கு ஓக்காளம் வரக்கூடாது. அவளுக்கு வந்தது. ஒன்றும் தெரியாத கிழவன் ஏமாந்துபோனால் பரிதாபப்படலாம். தெரிந்தே கூடையைத் தூக்கியவரை என்ன செய்வது? அன்று முழுக்க அவருக்குச் சோறு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

கரைக்கட்டு அன்று வெயில் ஏறுவதற்குள் கண்மாய்க் கரை நிறைந்துவிட்டது. குடமுழுக்கு முடிந்து, ஸ்பீக்கரில் பாட்டு, கரையெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. போகக்கூடாது என்று இருந்தவளை, "அப்பாவுக்கு மூச்சுத் திணறுனா யாரு பாக்குறது?" என்று கோபிதான் இழுத்துக்கொண்டு வந்தான். ஆத்மநாதன் தம் கையால் ரெங்கசாமிக்குப் பரிவட்டம் கட்டினார். கூடையில் மண்ணை அள்ளி, கனம் தெரியாமல் அரைக்கூடையாக்கி, தலையில் ஏற்றினார்கள். இரண்டு பேர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, அப்பா அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். எலும்பும் தோலுமான அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"போடுறதுக்கு முன்னாடி அந்த சர்க்கார் ஆர்டர எல்லாரும் கேக்கணும்" என்றார் ஆத்மநாதன் மைக்கில். "ரெங்கசாமி மக திலகவதிதான் கண்டுபுடிச்சுச்சு. அந்தக் கால எழுத்த வாசிக்க அதுக்குத்தான் தெரியும். இங்கிட்டு வாம்மா."

கைதட்டினார்கள். மைக் கைக்கு வந்துவிட்டது. தாக்கீதின் நகலை நீட்டினார்கள். வாசித்தாள். 'தன் மனப்பூர்வமாய்' என்ற இடத்தில் ஆத்மநாதன் கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வாசித்து முடித்ததும் மறுபடி கைதட்டல். அப்போதுதான் அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த வெள்ளைத் தாளை எடுத்தாள். முன்கூட்டி ஒன்றும் முடிவுபண்ணி வரவில்லை. வாங்க வேண்டியதில்லை என்று எழுதித் தள்ளின மனு அது. ஒரு தடவையாவது ஊர் வாங்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

"இது அடைக்கன் பொண்டாட்டி வெள்ளச்சி குடுத்த மனு" என்று ஆரம்பித்தாள்.

கள்ளுக் குடிக்கக் கூட்டிப் போனது வரைக்கும் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கைகாலைக் கட்டியது என்றதும் கோபி பாய்ந்து வந்தான். அதற்குள் யாரோ மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். திலகவதி நிறுத்தவில்லை. ஸ்கேனரும் பழைய ஃபேனும் போடும் இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. "முதல் கூடை மண்ணை மூக்கன் போட்டான். எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளை குட்டி வேறு இல்லை." கரையில் பாதிப் பேருக்கு நன்றாகவே கேட்டது. அப்பா நாலடி தூரத்தில் நின்றார். அவருக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அந்த ஐந்து மாதம் என்ற இடத்தில் அவர் தலையில் இருந்த கூடை ஆடி, கொஞ்சம் மண் தோளில் சரிந்தது.

"நாங்க அடைக்கன் வம்சம் இல்ல" என்றாள் அவள் கூட்டத்தைப் பார்த்து. "மண்ணப் போட்டவன் வம்சம். போடச் சொன்னவன் வம்சம் அந்தா வெள்ள வேட்டியில நிக்குது."

மேளக்காரர்கள் கைக்குச்சியோடு நின்றார்கள். ஒரு பெண் மட்டும் "அடி ஆத்தே" என்றாள். ஆத்மநாதன் அசரவில்லை. வேலைக்காரி ஏனத்தைப் போட்டு உடைத்தால் முழிக்கிற மாதிரி ஒரு முழி முழித்துவிட்டு, ரெங்கசாமி பக்கம் திரும்பினார்.

"நல்ல நேரம் போகுது. நீ போடுப்பா ரெங்கசாமி."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். திலகவதியும் பார்த்தாள். கூடையைத் தரையில் இறக்கி வைத்துவிடுங்கள் அப்பா. ஒன்றும் பேச வேண்டாம், யாரையும் எதிர்க்க வேண்டாம், இறக்கி மட்டும் வையுங்கள். மனசுக்குள் கெஞ்சினாள். அவரும் அவளைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் குனிந்து, கூடையைக் கவிழ்த்தார். மண் கல்லின் உச்சியில் விழுந்து, பூசியிருந்த சந்தனத்தை மூடிக்கொண்டு அடியில் குவிந்தது. மேளம் கொட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். அந்த "அடி ஆத்தே" சொன்னவளும் போட்டாள்.

திலகவதி கரையை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். பின்னால் ஒருவர் ஒருவராகக் கூடை போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் கை முந்திவிட்டதால் இனி யாருக்கும் பயமில்லை.

மத்தியானம் கோபி அப்பாவைக் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். பந்தியில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். ரெங்கசாமி பரிவட்டத்தை அவிழ்த்துக் கட்டிலில் போட்டுவிட்டு, சட்டையில்லாத உடம்போடு உட்கார்ந்திருந்தார். முடியிலும் காதிலும் தோளிலும் செம்மண். வியர்வையில் ஊறி அது நெஞ்சுவரை வழிந்திருந்தது. தானாகக் குளிக்கத் தெம்பு கிடையாது.

அப்படியே கிடக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். அரை மணி நேரம் உள்ளேயே இருந்தாள். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு வந்து, அவரைப் பலகையில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். தொடவே கூசியது. கூசக் கூசத் தேய்த்தாள். மண் சிவப்பாக ஓடி வாய்க்காலில் இறங்கியது. விலா எலும்புகளுக்கு நடுவில் அவர் மூச்சு விசில் மாதிரி வந்துபோனது.

மூன்றாவது செம்பு ஊற்றும்போது அவர் கேட்டார். "அந்தப் புள்ளத்தாச்சி விசயம் எங்கப்பன் சொல்லலடி."

அவள் அவர் தலையில் சோப்பைத் தேய்த்தாள்.

"புள்ள பொறந்துச்சா? பொழச்சுதா? அத எழுதியிருக்கா?"

"இல்ல."

"நல்லாத் தேடுனியா?"

"ஒம்பது நாளாத் தேடுனேன். வெள்ளச்சின்னு அதுக்கப்புறம் ஒரு எடத்துலயும் இல்ல."

ரெங்கசாமி கண்ணில் வழிந்த சோப்பைப் புறங்கையால் துடைத்தார். "அப்ப நம்ம பேரு மட்டுந்தான் இருக்கா அதுல?"

"ஆமா" என்றாள் திலகவதி. "நம்ம பேரு மட்டுந்தான் இருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.